பங்கு கேட்பவர் கணக்குக் கேட்பதில்லை

தென் மாவட்டக் கிராமம் ஒன்றின் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், நாட்டுக்கோழி, முட்டை, வீட்டில் சுட்ட முறுக்கு என்று சபையார் படைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். ஒரு தரம், இரண்டு தரம் என்று மைக்கில் கூவக் கூவ, சந்தையில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சேவல் 4,000 ரூபாயைத் தாண்டிப் போகும். எடுத்தவர் பெயர், பொருள், தொகை மூன்றையும் பொருளாளர் அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்வார். மும்பையிலிருந்து வந்திருக்கும் பேரன் எதை எவ்வளவுக்குக் கேட்டான், போன வருட ஏலப் பாக்கியை இன்னும் யார் கட்டவில்லை என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம்.

அதே சபையாரிடம் வேறு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். பல சபைகள் சேர்ந்த உங்கள் திருமண்டலத்துக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது? பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைகள் யாருக்கு, எத்தனை வருடக் குத்தகைக்கு, என்ன வாடகைக்குப் போயிருக்கின்றன? மேல்நிலைப் பள்ளியில் கடைசியாக நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? பெரும்பாலும் பதில் வராது. சேவலின் கணக்கு தெரிந்தவர்களுக்குத் திருமண்டலத்தின் கணக்கு தெரியாது.

இதற்குத் தயாராக ஒரு விளக்கம் உண்டு. மேலே இருப்பவர்கள் மறைக்கிறார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பது அது. பல இடங்களில் இது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. கேட்க வேண்டியவர்கள் ஏன் கேட்பதில்லை என்பது மறுபாதி, அதைப் பேசத் தமிழ்க் கிறிஸ்தவ சமூகம் தயங்குகிறது. சபையிடமிருந்து தனக்கென்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் அந்தச் சபையின் கணக்கைக் கேட்க முடியாது. மகளுக்குக் கல்லூரியில் இடம், மருமகனுக்கு ஆசிரியர் வேலை, மனைவிக்கு இடமாற்றம் என்று ஏதாவது ஒரு விண்ணப்பம் கையில் இருக்கும் வரை வாய் திறக்காது.

தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்பது நல்லது. அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருக்கும் உரிமை அது. பெறுமதியான உரிமை. மிஷனெரிகள் தொடங்கிய பள்ளிகள் இன்றும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருப்பதற்கு அந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம். ஆனால் ஓய்வு பெறும் வயது வரை அரசுச் சம்பளம் வரும் ஒரு வேலையை ஒரு கமிட்டியின் கையெழுத்து தீர்மானிக்கும்போது, அந்தக் கமிட்டியில் உட்காரும் நாற்காலிக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. திருமண்டலத் தேர்தல்களில் அணிகள், சுவரொட்டிகள், வேன்கள், சாப்பாடு, கடைசி நாள் இரவு வீடு வீடாகப் போவது என்று சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்றும் குறையாத காட்சிகள் நடப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. வேதாகமத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்காக யாரும் வேன் பிடிப்பதில்லை.

வாக்களிப்பவரின் கணக்கும் தெளிவானது. "அவர் நம்ம ஆள்" என்ற ஒரு சொல்லில் சாதி, ஊர், உறவு, நாளை கிடைக்கப்போகும் உதவி எல்லாம் அடங்கிவிடுகிறது. ஜெயித்த பிறகு நம்ம ஆள் நமக்குச் செய்தால் நல்லவர், அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்தால் ஊழல்வாதி. தன் மகனுக்கு வேலை கிடைத்தபோது அதே நிர்வாகத்தைப் புகழ்ந்தவர், இரண்டாவது மகனுக்குக் கிடைக்காதபோது நீதிமன்றத்துக்குப் போவதைத் தென் மாவட்டங்களில் பலரும் பார்த்திருக்கிறார்கள். அந்த வழக்கில் அவர் சொல்லும் குற்றச்சாட்டு உண்மையாகவே இருக்கலாம். அதை அவர் முதல் வேலை கிடைத்த வருடம் சொல்லியிருந்தால் அதற்கு இன்னொரு மதிப்பு இருந்திருக்கும்.

ஆதிச் சபையில் இந்தப் பிரச்சினை இல்லை, அன்றைக்கு எல்லோரும் ஒருமனப்பட்டிருந்தார்கள் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே முறுமுறுப்பு. எருசலேம் சபையில் தினசரிப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசும் யூதர்கள் புகார் சொல்கிறார்கள். அப்போஸ்தலர்கள் அந்தப் புகாரை விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுக்கட்டும் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பாரின் கையிலேயே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். பெரும்பான்மையினர் தங்களுக்கு இருந்த அனுகூலத்தை விட்டுக்கொடுத்தார்கள். கணக்கைச் சரிசெய்ய அவர்கள் கண்ட வழி அது.

பணத்தைக் கையாள்வதில் பவுலின் எச்சரிக்கை இன்னும் நுணுக்கமானது. எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா சபைகளில் அவர் பல ஆண்டுகள் காணிக்கை சேகரித்தார். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துப்போக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நீங்கள் தகுதியானவர்கள் என்று குறிப்பிடுகிறவர்களிடமே கடிதத்தோடு கொடுத்தனுப்புவேன் என்கிறார். இரண்டாம் நிருபத்தில், தீத்துவோடு இன்னொரு சகோதரரைச் சபைகளே நியமித்திருப்பதைச் சொல்லி, இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தங்களைக் குறை சொல்ல இடம் தரக்கூடாது, கர்த்தர் முன்னால் மட்டுமல்ல, மனிதர் முன்னாலும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று விளக்குகிறார். எருசலேம் பயணத்தில் அவரோடு சென்றவர்களின் பட்டியல் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது: பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று வெவ்வேறு இடங்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் காணிக்கைக்குக் காவலாக வந்த சபைப் பிரதிநிதிகள் இவர்கள் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள்.

"தேவனுக்கு மட்டுமே நான் கணக்குச் சொல்வேன்" என்று மேடையில் முழங்கும் ஊழியர்கள் பவுலைத்தான் தங்கள் முன்மாதிரி என்கிறார்கள். பவுல் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை.

அதே காலத்தை ஒட்டி எழுந்த இன்னொரு சிறு நூல் டிடாக்கே. முதல் நூற்றாண்டின் முடிவிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்தச் சபை ஒழுங்கு நூலின் கையெழுத்துப் பிரதியை 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் பிலோதியோஸ் பிரையெனியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்து, 1883-ல் வெளியிட்டார். ஊர் ஊராக வரும் ஊழியர்களை எப்படி நடத்துவது என்று அதில் தெளிவான விதிகள் இருக்கின்றன. வருகிறவரை மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு ரொட்டி வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் அவரும் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்ததாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்கக் கூடாது, தேவையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கேட்டால் குறை சொல்லக் கூடாது.

ஊழியர்களோடு அந்த நூல் நிற்கவில்லை என்பது முக்கியம். சபையில் குடியேற வரும் சாதாரண விசுவாசிக்கும் விதி வைத்திருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிட வேண்டும். தொழில் தெரியாதவர் சும்மா இருந்து சாப்பிடாதபடி சபை வழி செய்ய வேண்டும். அதற்கும் சம்மதிக்காதவர் கிறிஸ்துவின் பெயரை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர், அவரிடம் எச்சரிக்கை என்கிறது. கேட்கும் ஊழியரையும், எதிர்பார்க்கும் விசுவாசியையும் ஒரே அளவுகோலால் அளந்த சபை அது. இன்றைய விவாதங்களில் இந்த இரண்டாவது அளவு காணாமல் போய்விட்டது.

அது காணாமல் போனதன் விளைவை அன்றாட வாழ்க்கையில் பார்க்கலாம். சபையில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தால் கிறிஸ்துமஸ் விளக்குகள் அவர் பொறுப்பு. கூலி பற்றிப் பேச்சில்லை. அதோடு முடிந்தால் பரவாயில்லை. கமிட்டி உறுப்பினர் வீட்டு வயரிங்குக்கும் அவரையே கூப்பிட்டு, வேலை முடிந்ததும் "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் பிரதர்" என்று கைகுலுக்கி அனுப்புவார்கள். தையல் கடை வைத்திருக்கும் சகோதரியிடம் பாடகர் குழுச் சீருடை, கார் வைத்திருப்பவரிடம் கன்வென்ஷன் பிரசங்கியாரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வரும் பொறுப்பு. தானாக மனமுவந்து செய்பவர்கள் ஏராளமாக உண்டு, அவர்களால்தான் சபைகள் நடக்கின்றன. மறுக்க முடியாதபடி ஆவிக்குரிய சொற்களைப் போட்டு வேலை வாங்குவது வேறு.

கைமாற்றுக் கதை இதைவிட வேதனையானது. சக விசுவாசி என்ற ஒரே நம்பிக்கையில், எழுத்து இல்லாமல், சாட்சி இல்லாமல் கொடுத்த பணம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "ஜெபத்துல வச்சுக்கோங்கக்கா" என்று பதில் வரும். தேதி வராது. இன்னொரு முறை கேட்டால், மன்னிக்காதவள், பணத்தின்மேல் ஆசை உள்ளவள் என்று கொடுத்தவருக்கே பெயர் கிடைக்கும். கடைசியில் கொடுத்தவர்தான் அந்த ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார். வாங்கியவர் முன் வரிசையில் உட்கார்ந்து சாட்சி சொல்கிறார்.

இந்த இடத்திலும் பவுலின் ஒரு செயலை நினைவுபடுத்த வேண்டும். புதிய ஏற்பாட்டில் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் ஒரே அதிகாரம். எஜமானை விட்டு வந்த அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் உனக்கு நஷ்டம் ஏதும் உண்டாக்கியிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள் என்று பவுல் எழுதுகிறார். அத்தோடு நிறுத்தாமல், நானே தீர்ப்பேன் என்பதைத் தன் கைப்பட எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். சகோதரர்களுக்குள் எதற்குப் பத்திரம் என்று அவர் நினைக்கவில்லை. சகோதரன் என்பதாலேயே கைப்பட எழுதித் தந்தார்.

எதிர்பார்ப்பு எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். ஜிம் பேக்கர் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கி பி.டி.எல். என்ற பெயரில் ஊழியம் நடத்தினார். தென் கரோலினாவில் ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ. என்ற கிறிஸ்தவ உல்லாச வளாகத்தையும் கட்டினார். 1,000 டாலர் காணிக்கை கொடுத்தால் வாழ்நாள் பங்காளர். ஒவ்வொரு வருடமும் அந்த வளாகத்து ஓட்டலில் மூன்று இரவுகள் இலவசமாகத் தங்கலாம் என்பது திட்டம். இப்படி ஏறத்தாழ 15.8 கோடி டாலர் குவிந்தது. இருக்கும் அறைகளைவிட அதிகமான பேருக்கு இடம் விற்கப்பட்டது. 'சார்லட் அப்சர்வர்' நாளிதழ் விடாமல் துருவியது. 1987 மார்ச்சில் பேக்கர் பதவி விலகினார். 1989-ல் மோசடிக் குற்றங்களுக்காக 45 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1994-ல் வெளியே வந்தார்.

இதில் பேக்கரின் குற்றம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள், ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம். ஆனால் அந்தத் திட்டம் ஏன் பலித்தது என்று கேட்க வேண்டும். காணிக்கை கொடுத்த திருப்தியும் கிடைக்கும், வருடத்தில் மூன்று நாள் விடுமுறையும் கிடைக்கும் என்ற ஆசை சேர்ந்ததால் பலித்தது. எனக்கு என் அறை கிடைக்கிறதா என்று பார்த்தவர், எத்தனை பேருக்கு அறை விற்றீர்கள் என்று கேட்கவில்லை.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் அதிகாலையில் ஓடும் நிகழ்ச்சிகளில் இதன் சிறிய வடிவங்களைப் பார்க்கலாம். பிள்ளையின் தேர்வுக்கு ஒரு காணிக்கை, விசா கிடைக்க ஒரு காணிக்கை, கடன் தீர விதைக் காணிக்கை என்று அறிவிப்பு. திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண், க்யூ.ஆர். கோடு. ஆயிரம் ரூபாய் போட்டால் பத்தாயிரமாக வரும் என்று நம்பிப் போடுபவர், அந்த ஆயிரம் எங்கே போயிற்று என்று ஒருநாளும் கேட்கப்போவதில்லை. அவர் கண் பத்தாயிரத்தின் மேல் இருக்கிறது. இப்படிப்பட்ட எதிர்பார்ப்பை வளர்ப்பதுதான் கணக்குச் சொல்லாமல் இருப்பதற்கு மிகச் சுலபமான வழி.

பேக்கர் இருந்த அதே அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தவரும் உண்டு. 1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்த இளம் பிரசங்கி பில்லி கிரஹாம், தன் குழுவினர் கிளிஃப் பேரோஸ், கிரேடி வில்சன், ஜார்ஜ் பெவர்லி ஷே ஆகியோரோடு உட்கார்ந்து, ஊர் ஊராகப் போகும் சுவிசேஷகர்கள் எங்கெல்லாம் விழுகிறார்கள் என்று பட்டியலிட்டார். பணம், பெண்கள் தொடர்பான ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைப் பழிப்பது, கூட்ட எண்ணிக்கையை மிகைப்படுத்துவது ஆகிய நான்கு விஷயங்களில் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் பொய்தான் என்று ஒப்புக்கொண்டது முக்கியமானது. 1950-ல் அட்லாண்டா கூட்டங்கள் முடிந்தபோது, காணிக்கைப் பைகளின் படத்தையும் சிரித்தபடி விடைபெறும் கிரஹாமின் படத்தையும் ஒரு பத்திரிகை அடுத்தடுத்து அச்சிட்டது. அவர் பத்திரிகையைத் திட்டவில்லை. கூட்டத்தின் காணிக்கையைத் தனக்கென்று எடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரு நிர்வாகக் குழு நிர்ணயிக்கும் நிலையான சம்பளத்துக்கு மாறினார். கிறிஸ்தவ அமைப்புகளின் நிதி நேர்மைக்காக 1979-ல் அமெரிக்காவில் ஒரு கூட்டமைப்பு உருவானபோது அவருடைய அமைப்பும் அதில் முன்னின்றது.

நிதிக் கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. சென்னையில் 1946-ல் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் உலகப் புகழ் பெற்ற ரவி சகரியாஸ் விஷயம் அதைக் காட்டியது. நாத்திகர்களோடும் பல்கலைக்கழக மாணவர்களோடும் அறிவார்ந்த வாதம் செய்யக்கூடிய ஒருவர் தங்களுக்குக் கிடைத்தார் என்பதில் உலகெங்கும் இருந்த இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பெருமை இருந்தது. 2017-ல் ஒரு பெண் புகார் எழுப்பியபோது, சகரியாஸ் அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்; வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு விவகாரம் முடிக்கப்பட்டது. அவருடைய அமைப்பு அவர் பக்கமே நின்றது. 2020 மே மாதம் அவர் இறந்தார். அதன்பின் அந்த அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் தந்த அறிக்கை, மசாஜ் சிகிச்சையாளர்களாக வேலை செய்த பெண்கள் பலரிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை உறுதி செய்தது. ஏழைகளுக்கு உதவ ஒதுக்கிய நிதி அப்படிப்பட்ட சிலருக்குப் போனதையும் சொன்னது. அமைப்பின் நிர்வாகக் குழு பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல்லை நம்பாததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

மூன்றரை ஆண்டுகள் அந்தப் பெண் பொய்க்காரி என்று அழைக்கப்பட்டார். அப்படி அழைத்தவர்களில் பெரும்பாலானோர் சகரியாஸிடம் ஒரு ரூபாய் வாங்கியவர்கள் அல்லர். அவர்களுடைய எதிர்பார்ப்பு பணம் சார்ந்ததாக இல்லை. தங்கள் விசுவாசத்துக்கு ஒரு வெற்றி வீரன் வேண்டும் என்பதே அது. அதுவும் சுயநலம்தான். ஒரு மனிதரின் புகழில் குளிர்காய வேண்டும் என்ற ஆசை, அடிபட்ட ஒருவரின் குரலைக் கேட்காமல் செய்துவிட்டது.

புகாரை வெளியே கொண்டு போகக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டுச் சபைகளில் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைப் பவுல் கொரிந்தியரிடம் கண்டித்தார் என்பது. கண்டித்தார், உண்மை. அதே அதிகாரத்தில் அவர் கேட்கும் கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்: சகோதரருக்குள் நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களில் இல்லையா என்று கேட்டு, அவர்கள் வெட்கப்படும்படி எழுதுகிறார். உள்ளேயே நியாயம் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். உள்ளேயும் நியாயம் இல்லை, வெளியேயும் போகாதே என்று சொல்ல அந்த அதிகாரத்தில் இடமில்லை.

இரண்டாவது காரணத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நாட்டின் பல பகுதிகளில் ஜெபக் கூட்டங்கள் தாக்கப்படுகின்றன. மதமாற்றப் புகாரில் போதகர்கள் கைது செய்யப்படுகிறார்கள். இந்த நேரத்தில் சபைக்குள் இருக்கும் அழுக்கைத் தெருவில் கொட்டினால் எதிர்ப்பவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது ஆகாதா என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் மௌனம் காப்பாற்றவில்லை என்பதைச் சமீபத்திய வருடங்கள் காட்டியிருக்கின்றன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று பிரிந்திருந்தவர்கள் ஒன்றாகி உருவாக்கிய சி.எஸ்.ஐ. உலகத் திருச்சபை வரலாற்றிலேயே பெரிய சாதனை. அந்தச் சபையின் தேர்தல் தகராறில், 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்க வேண்டிவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கோயில்களுக்கு இந்து சமய அறநிலையத் துறையும் வக்ஃபு சொத்துகளுக்கு வாரியமும் இருப்பதுபோல, கிறிஸ்தவ நிறுவனங்களுக்கும் சட்டபூர்வமான வாரியம் ஏன் கூடாது என்ற கேள்வியை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் எழுப்பியது.

அரசு வாரியம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பக் காரணமில்லை. அறநிலையத் துறை மீதும் வக்ஃபு வாரியங்கள் மீதும் இருக்கும் புகார்களே போதும். அரசியல்வாதியின் கை சபை நிலத்துக்குள் வருவதை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி எதிர்ப்பவர்களின் கையில் அச்சிட்டு விநியோகித்த ஒரு வரவு செலவு அறிக்கை இருக்க வேண்டும். அது இல்லாமல் சிறுபான்மை உரிமை பேசினால், சொந்தச் சபையாரே நம்ப மாட்டார்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குத் தராத இந்தச் சிக்கல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அமைப்பும் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு ஆண்டுக் கணக்கு தருகிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தச் சட்டம் கடுமையாகவும் பாரபட்சமாகவும் பயன்படுகிறது என்ற விமர்சனம் ஒருபுறம் இருக்கட்டும். ஜெர்மனியிலிருந்து வரும் காணிக்கையின் கணக்கை அமித் ஷாவின் அமைச்சகத்துக்குக் கொடுக்க முடிகிறது. நாசரேத்திலும் மார்த்தாண்டத்திலும் பீடி சுற்றியும் ரப்பர் பால் வெட்டியும் சம்பாதித்தவர் போட்ட காணிக்கையின் கணக்கை அவருக்கே கொடுக்க முடியவில்லை என்றால், அந்த நிர்வாகம் யாருக்குப் பயப்படுகிறது, யாரை மதிக்கவில்லை என்பது தெளிவு.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-வது விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். 1287-வது விதி, விசுவாசிகள் கொடுத்த பொருளுக்கு அந்த விசுவாசிகளுக்கே கணக்குத் தர வேண்டும் என்கிறது. பங்குத்தந்தையிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

போதகர்களின் பக்கத்திலிருந்தும் சொல்ல ஒன்று உண்டு. கிராமங்களில் வாடகை வீட்டில் சபை நடத்தும் சிறு போதகர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஞாயிறு காணிக்கைப் பையில் விழுவதுதான் வருமானம். அவரிடம் சபை எதிர்பார்ப்பது நடு இரவு ஆஸ்பத்திரிக்கு வருவது, குடும்பச் சண்டையைத் தீர்ப்பது, புது வீட்டு ஜெபம், அடக்க ஆராதனை எல்லாம். அவர் மனைவி என்ன சேலை கட்டினாள், மகன் ஏன் பாட்டுக்குழுவில் இல்லை என்பதும் சபையாரின் விசாரணைக்கு உட்பட்டது. ஒரு வாரம் வீட்டுக்கு வராவிட்டால் அடுத்த வாரம் வேறு சபைக்குப் போய்விடுவார்கள். இவரிடம் கணக்குக் கேட்பதற்கு முன், இவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்ற கணக்கைச் சபை தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சபை நிர்ணயித்துக் கொடுக்கும் ஒரு சம்பளம் இருந்தால், காணிக்கைப் பையைத் தன் பை என்று நினைக்கும் நெருக்கடி அவருக்கு வராது.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே.சா. அசரியா, 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைக் கண்டார். திருநெல்வேலிச் சபை எண்ணிக்கையில் எவ்வளவோ பெரியது, ஆனால் அதுவரை பெற்றுக்கொண்டே இருந்தது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. வெள்ளைக்காரர் அனுப்புவதை எதிர்பார்த்திருந்த மக்கள், சோறு பொங்கும் முன் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, தெலுங்கு நாட்டில் தாங்கள் பார்த்தேயிராதவர்களுக்காகக் கொடுத்தார்கள். 1912-ல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பெறும் இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்கு நகர்ந்த அந்தத் தலைமுறைக்கு, கொடுத்தது எங்கே போகிறது என்று கேட்கும் துணிவும் இயல்பாக இருந்தது. அவர்களுக்குத் திரும்ப எதுவும் வர வேண்டியிருக்கவில்லை.

இன்று செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தணிக்கை செய்த வரவு செலவை வருடம் ஒருமுறை ஆலய அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டலாம். குத்தகைக்கு விட்ட இடம், குத்தகைதாரர், தொகை, முடியும் தேதி ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் போடலாம். நியமனத்துக்கு வந்த விண்ணப்பங்களின் மதிப்பெண்களை வெளியிடலாம். கமிட்டி உறுப்பினரின் உறவினர் விண்ணப்பித்திருந்தால் அந்த உறுப்பினர் அன்றைக்குக் கூட்டத்தை விட்டு எழுந்து போக வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடலாம். புகார் கொடுத்த பெண்ணின் பெயர் ஊருக்குத் தெரியாமல் விசாரிக்க, திருமண்டலத்துக்கு வெளியே இருந்து ஆட்களை வைக்கலாம். இவை எதற்கும் சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாடின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சேகரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்தால் பேச்சு தொடங்கிவிடும்.

கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன்பாக அந்தக் கூட்டம் நடப்பது நல்லது. எந்த அடிப்படையில் இடம் தருகிறீர்கள் என்று எழுந்து கேட்கப்போகிறவர், தன் மகளும் அதே கல்லூரிக்கு இந்த வருடம் விண்ணப்பித்திருந்தால், அதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.